புதன்கிழமைக்கு முன் வீடு வீடாகப் போங்கள்!

தோழர்களே,

தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, ஊசி போடாத பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துவிடும். ஒரே குழாயடி, ஒரே வாசல், வரிசையாக அறைகள் என்றிருக்கும் திருப்பூர் லைன் வீட்டில் அது யாரைத்தான் விட்டுவைக்கும்? 2026க்குள் தட்டம்மையையும் ரூபெல்லாவையும் ஒழிப்பது நாட்டின் இலக்கு. அதற்கு நூற்றுக்கு 95 குழந்தைகள் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். விடுபடும் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடித் திரிய வேண்டியதில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் லைன் வீடுகள், பொள்ளாச்சி நார் மில்கள், வால்பாறை எஸ்டேட்டுகள், ஆனைகட்டி இருளர் பதிகள், ஆனைமலைக் காடர் குடியிருப்புகள். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

"அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லீங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறோமே, அதை இன்றோடு நிறுத்துங்கள்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பிறகு ஊருக்குள் வந்து ஊசி போடுவது நின்றது. சுகாதார நிலையத்துக்கு வாருங்கள் என்றார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2005-06இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 80.9 சதவீதம். 2015-16இல் 69.7. இடைப்பட்ட பத்தாண்டில் நம் தாய்மார் அறிவு குறைந்தா போனார்கள்? பயம் கூடியது, ஊசி தூரமானது. 2019-21இல் அது 89.2 ஆக ஏறியது. ஏறியது தானாக அல்ல; கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் நடந்த நடையும் அதில் இருக்கிறது.

இன்றைக்கும் ஊசி என்றால் புதன்கிழமை பகல். பனியன் கம்பெனியில் அதுதான் ஷிப்ட் நேரம். போனால் ஒருநாள் கூலி போச்சு. இரவு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாள் கூலியும் போச்சு. இதற்குப் பெயர் அறியாமையா? ஊசி நாளில் தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு, லைன் வீடுகளில் ஞாயிறு முகாம்: இந்த இரண்டும் ஒவ்வொரு வாயிற்கூட்டத்திலும் கோரிக்கையாக ஒலிக்க வேண்டும்.

அடுத்தது நம்பிக்கை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளரைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அன்று பயந்து கதவைச் சாத்தியவரிடம், தெரியாத மொழியில் பெயரும் ஆதாரும் கேட்டு நின்றால் திறப்பாரா? 1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பையும் கண்ட கோவை உக்கடத்து முஸ்லிம் குடும்பத்துக்கு, அரசுப் பட்டியலில் பெயர் ஏறுவது சின்ன விஷயமா? 2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்திக்குத் தயங்கியவர்களில் தனியார் பள்ளிப் பெற்றோரும் உண்டு. பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. நோட்டீஸ் ஒட்டி வதந்தியை வெல்ல முடியாது. தெரிந்த முகம் வேண்டும்: பக்கத்து அறை ஒடியா அக்கா, ஜமாஅத்துப் பெரியவர், பதியின் மூப்பன்.

நம்மில் பகுத்தறிவு பேசும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டில் போய் அம்மனைக் கிண்டல் செய்யாதீர்கள். பிளேக்கில் அடிபட்ட கோவை, பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிய ஊர். 2021இல் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். அதே நாட்களில் இதே ஊர் ஜனம்தான் ஊசி டோக்கனுக்கு விடியுமுன்னே வரிசையில் நின்றது. கும்பிட்ட கை ஊசிக்கும் நீண்டது. நம் கிண்டல்தான் அந்தக் கையை மடக்கும். "ஆத்தாளைக் கும்பிடுங்க, ஊசியும் போட்டுக்கலாமுங்க" என்று சொல்ல நமக்கு வாய் வராதா?

வேலைக்கு வருவோம். இந்த ஞாயிறு ஒவ்வொரு கிளையும் ஒரு லைன் வீட்டையோ ஒரு பதியையோ எடுத்துக்கொள்ளட்டும். இந்தியோ ஒடியாவோ இருளர் மொழியோ பேசும் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். முடிந்தால் அங்கேயே குடியிருக்கும் ஒரு பெண்ணை முன்னே விடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஊசி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அட்டை ஒடியாவில் இருந்தாலும் அட்டைதான். நடுவில் விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சொல்லுங்கள். காய்ச்சல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசிக்குக் காசு கிடையாது. ஆதார் இல்லை, கர்ப்பப் பதிவின் பிக்மி எண் இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப விடாதீர்கள். திருப்பினால் அங்கேயே நின்று கேளுங்கள்.

விடுபட்ட குழந்தைகளின் பட்டியல் செவ்வாய்க்கிழமை இரவுக்குள் செவிலியர் கையில் இருக்க வேண்டும். புதன்கிழமை காலை அந்தத் தாய்மாரோடு நீங்களும் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், தோழர்களே!