வயசு போனால் வெட்கமா?

வயது போவதைப் போல ஒரு சதமும் செலவில்லாமல் கிடைக்கிற நல்ல விசயம் வேறு இல்லை. இதைச் சொன்னால் எங்கட ஆக்களுக்குக் கோபம் வருகிறது. "உமக்கென்ன விசரே?" என்கிறார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

லண்டனில் எங்களுடைய கலியாணம், சாமத்தியவீடு ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். 60 தாண்டிய ஆம்பிளைகளின் தலையைக் கண்டால் காகமே வெட்கப்படும், அவ்வளவு கறுப்பு. மீசைக்குச் சாயம். சிலபேருக்குப் புருவத்துக்கும் சாயம். "எத்தினை வயசு?" என்று கேட்டுவிட்டால் வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தைக் கேட்டதுபோல முறைக்கிறார்கள்.

ஊரில் இப்படியா இருந்தது? யாழ்ப்பாணத்தில் பென்சனியர் என்பது ஒரு பட்டம். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோரிலும் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை 'மலாயன் பென்சனியர்' என்று பெருமையோடு சொல்வார்கள். சாய்மனைக் கதிரை, மடியில் பேப்பர், ஒழுங்கையால் போகிற பெடியனை மறித்து "தம்பி, நீர் ஆற்றை மோன்?" என்று விசாரிக்கிற உரிமை. அவர்களில் ஒருவராவது வயதை ஒளித்ததாக நான் அறியவில்லை. அதே யாழ்ப்பாணத்தில் பிறந்த நாங்கள்தான் இங்கே வந்து வயதைக் களவுப் பொருள்போல ஒளித்து வைத்திருக்கிறோம்.

எனக்கு 67. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இந்த வயது என்ன தந்தது என்று கேளுங்கள். லண்டன்காரருக்கு 60 வயதில் ஒரு ஒய்ஸ்டர் அட்டை, ஓய்வூதிய வயது வந்ததும் ஃபிரீடம் பாஸ். பஸ், நிலக்கீழ் ரயில் எல்லாம் இலவசம். வேலைநாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. அதனால் என்ன, 9 மணிக்கு முன் எழும்பி ஓடத்தானே 30 வருடம் கிடந்து மாய்ந்தோம்? தூர ரயிலுக்கு முதியோர் அட்டை எடுத்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இங்கிலாந்தில் 60 வயதில் மருந்துச் சீட்டுக்குக் காசில்லை, கண் பரிசோதனைக்கும் காசில்லை. (சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர்களுக்கு மருந்து முந்தியே இலவசம்தான். அந்தச் சலுகையை எங்கட ஆக்கள் 40 வயதிலேயே பெற்றுவிடுகிறார்கள்!)

அரசாங்கம் தராத சலுகைகளும் இருக்கின்றன. மண்டபத்தில் கதிரை அடுக்க ஒருவரும் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டு வரிசையில் "ஐயாவை முதல்ல விடுங்கோ" என்கிறார்கள். பேர் மறந்துபோனால் "தம்பி" என்று சமாளிக்கலாம். சொன்ன கதையையே திரும்பச் சொல்லலாம், கேட்கிறவன் மரியாதைக்காகச் சிரிப்பான். அரசியல் வாக்குவாதம் முற்றினால் காது கேட்காததுபோல இருக்கலாம். எட்டு மணிக்கு மேல் "எனக்கு இருட்டினால் கார் ஓடக் கஸ்டம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

இதையெல்லாம் அனுபவிக்காமல் எங்கட ஆக்கள் செய்வது என்ன? பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எழும்பி இடம் தந்தால், "நான் என்ன கிழவனே?" என்று நின்றபடியே போகிறார்கள். என்னுடைய நண்பர் ஒருவர் 60 வயது அட்டையை இரண்டு வருடமாய் எடுக்கவில்லை. ஆரும் தெரிந்தவர் கண்டால் வயது தெரிந்துவிடுமாம். இரண்டு வருடம் காசு கொடுத்து இளமையாய் இருந்தார்!

எங்களுக்கு இன்னொரு பகிடியும் இருக்கிறது. அகதியாய் வந்தவர்களில் கனபேருக்கு வயது இரண்டு. உண்மை வயது ஒன்று, கடுதாசி வயது ஒன்று. ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட்டில் இருந்த திகதியே பலருக்கு நிலைத்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்து சனவரி 1ஆம் திகதி பிறந்தவர் ஆனவர்களும் உண்டு. அந்த நாளில் நாலு வயதைக் குறைத்துப் பதிந்தவர் இன்றைக்கு முழங்காலுக்கு 68, கடுதாசிக்கு 64 என்று நொண்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். ஓய்வூதிய வயதோ 66இல் இருந்து 2028க்குள் 67க்கு ஏறி முடியும்.

இனிச் சிரிப்பை விட்டுவிட்டுக் கதைப்போம்.

புதிய முறையில் முழு அரச ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 வருடம் தேசிய காப்புறுதிப் பதிவு வேண்டும். 10 வருடமாவது இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. எங்கட சனம் 80களிலும் 90களிலும் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் இரவிரவாய் நின்றது. சம்பளச் சிட்டை இல்லை, கையில் காசு. பதிவில் அந்த வருடங்கள் வெறுமை. அப்படிக் காசு கொடுத்த முதலாளிகளில் பலர் எங்கட ஆக்கள்தான். இன்றைக்கு அவர்கள் கோயில் திருவிழா உபயகாரர், மேடையில் பொன்னாடை. அவர்களிடம் வேலை செய்தவர் 66 வயதிலும் இரவுக் காவல் வேலை தேடுகிறார். முதுமையைப் பற்றி இந்தச் சமூகம் வெட்கப்பட வேண்டுமென்றால் இதற்கு வெட்கப்படட்டும், நரைமயிருக்கு வேண்டாம்.

அடுத்தது அம்மம்மாக்களின் கதை. "அவ சும்மாதானே வீட்டில இருக்கிறா" என்று சொல்லிக் காலை ஏழு மணிக்குப் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறோம். பின்னேரம் வந்து பிள்ளையோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் வாங்கிக்கொண்டு போகிறோம். பேரப்பிள்ளையோடு இருப்பது சந்தோசம்தான், அதை நான் மறுக்கவில்லை. சந்தோசம் என்பதற்காக அது வேலை இல்லை என்று ஆகிவிடுமா?

இந்த நாட்டின் சட்டம்கூட அதை வேலையாக மதிக்கிறது. 2011 ஏப்ரலில் இருந்து, ஓய்வூதிய வயது வராத அம்மம்மாவோ அப்பப்பாவோ 12 வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளையைப் பார்த்தால், அதற்காகத் தேசிய காப்புறுதி வரவு பெறலாம். பிள்ளைக் கொடுப்பனவு பெறுகிற தாயோ தகப்பனோ வேலைக்குப் போய்த் தன் வருடத்தை நிரப்பியிருந்தால், தனக்குத் தேவைப்படாத வரவை அம்மம்மாவின் பேருக்கு மாற்றிக் கொடுக்கலாம். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அம்மாவின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து மூன்று தட்டுக் கேக் வெட்டுகிற பிள்ளைகளே, இந்தக் கையெழுத்தை வைத்துவிட்டீர்களா?

மூன்றாவது எங்கட வறட்டுக் கௌரவம். வருமானம் குறைந்த முதியவர்களுக்குப் பென்சன் கிரெடிட் இருக்கிறது. குளிக்க, உடுக்க இன்னொருவரின் உதவி தேவைப்பட்டால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் இருக்கிறது. அதற்கு வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. விசாவில் அரச உதவி கூடாது என்று நிபந்தனை உள்ளவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்கள் ஏன் கேட்பதில்லை? "நாங்கள் என்ன பிச்சை எடுக்கவே வந்தனாங்கள்?" என்கிறார்கள். ஐயா, 30 வருடம் வரி கட்டினீர்களே, அப்போது அது பிச்சையாகத் தெரியவில்லையா? பேரன் பல்கலைக்கழகத்துக்குக் கடன் எடுத்தால் பெருமை, தாத்தா தன் உரிமையைக் கேட்டால் அவமானமா?

"வயது போவதில் என்ன சந்தோசம், வருத்தமும் தனிமையும்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். முழங்கால் நோவது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் எத்தனை பேருக்கு 30 வயது வரவில்லை? 1983இல் போனவர்கள், பிறகு ஒவ்வொரு வருடமும் போனவர்கள், 2009இல் குடும்பமாகவே போனவர்கள். அவர்களுடைய தலை நரைக்கவே இல்லை. படத்தில் இன்றைக்கும் கறுப்பாய்த்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காத 40 வருடம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை மூடி மறைக்க எங்களுக்கு என்ன உரிமை?

சாயம் பூசுகிறவர்கள் பூசுங்கள், அது உங்கள் தலை. ஆனால் உங்களுக்கு எத்தனை வருடப் பதிவு இருக்கிறது என்று அரசாங்க இணையத்தளத்தில் பாருங்கள், தெரியாவிட்டால் பேரனிடம் கேளுங்கள். விடுபட்டதை நிரப்ப வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அம்மம்மாவின் விண்ணப்பத்தை இந்தக் கிழமையே அனுப்புங்கள். பிறகு 9 மணிக்கு அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஆரும் இடம் தந்தால் நன்றி சொல்லி இருங்கள்.