பந்தா தெரியவில்லை?

ஸ்குவாஷ் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டு, 'பந்தே தெரியவில்லை' என்று சலித்துக்கொள்வோர் பலர். குறை பந்தில் இல்லை. ஆட்டத்தின் நடுவே படக்கருவி கோணம் விட்டுக் கோணம் தாவுவதில் இருக்கிறது என்பது நம் கருத்து.

9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், ஒருவர் எங்கு அடித்தார் என்பதன் பொருள் மற்றவர் எங்கு நின்றார் என்பதிலேயே அடங்கியிருக்கிறது. பின்சுவருக்கு அப்பால், உயரத்தில் நிலைத்திருக்கும் படக்கருவியே இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டவல்லது. அக்கோணம் வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பர், உண்மையே. ஆயினும் முன்சுவர்க் கண்ணாடி வழியே நோக்கினால் வீரர்களின் முகம் தெரியுமேயன்றி, கண் பழகிய இடமும் வலமும் மாறிவிடும். அக்காட்சி மறுஒளிபரப்புக்கே உரியது. நடுவில் கோணம் மாற்றுதல், வெண்பாவைப் பாதியில் நிறுத்திப் பதவுரை கூறுவதற்கு ஒப்பாகும்.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முறையாக இடம்பெறவிருக்கிறது. புதிதாகக் காண வருவோர்க்கு முதலில் களத்தைக் காட்டுங்கள். முகங்கள் பிறகு வரட்டும்.