உளிக்கும் ஓர் இடம் வேண்டும்

என்ன இது, போன இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியவள், இந்தத் தடவை உளி, கொட்டாப்புளி என்று கிளம்பிவிட்டாளே என்று நினைக்கிறீர்களா? என்ன செய்வது சகோதரிகளே! எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு நிலைப்படிதான். கடுகு தாளிக்கிற வாசனையும் வாகைமரச் சிராய் வாசனையும் கலந்துதான் எங்களுக்குப் பொழுது போகும்.

நாங்கள் பெரம்பலூர் மாவட்டம், பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர்ப் பக்கம். மரத்தில் சாமி சிலையும் தேர்ச் சிற்பமும் செதுக்குகிற வட்டாரம். 2020-ஆம் வருஷம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா? அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். மாமனாரும் என் வீட்டுக்காரரும் இதே தொழில்தான். பின்கட்டில் தகரக் கூரை போட்ட பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம்தான் பட்டறை.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உளிகள் எல்லாம் ஒரு சாக்குப் பையில்தான் கிடந்தன. காலையில் தரையில் கொட்டுவார்கள். சாயங்காலம் அள்ளிப் போடுவார்கள். நாற்பதுக்கு மேல் உளி! வாய் தட்டையாக இருக்கும் பட்டை உளி, நகம் மாதிரி வளைந்த நக உளி, இரண்டு பக்கமும் கூடி நடுவில் முனையாக இருக்கும் கோடு போடுகிற உளி என்று விதவிதம். ஒன்றோடு ஒன்று மோதி வாய் மழுங்கும். அப்புறம் அரைமணி நேரம் கல்லில் தீட்டுவார்கள். "ஒழுங்கா வெச்சா என்ன மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "பொம்பளைங்க உளிப் பையில கை வைக்கக் கூடாதும்மா" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் ஒரு நாள். சாதம் வடித்துக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் "ஸ்ஸ்" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமாவின் வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. பக்கத்தில் தரையில் கிடந்த உளியின் வாயிலேயே கையை ஊன்றியிருக்கிறார். அத்தை காப்பிப் பொடி டப்பாவோடு ஓடி வந்தார்கள். "வேண்டாம் அத்தை" என்று தடுத்து, குழாய்த் தண்ணீரில் காயத்தைக் கழுவி, துவைத்த வேட்டித் துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாலு தையல், ஒரு டெட்டனஸ் ஊசி. (காயத்தில் காப்பிப் பொடி, மஞ்சள் தூள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீர்கள். கழுவுவது, அழுத்திப் பிடிப்பது, ஆழமாக இருந்தால் டாக்டர், அவ்வளவுதான்.)

எல்லோரும் வயசாகிவிட்டது, கவனம் இல்லை என்றார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவர் பக்கத்தில் வைக்கிற காப்பித் தம்ளர் ஒரே மாதத்தில் மூன்று தடவை கவிழ்ந்திருந்தது. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். ஆனால் மரத்தில் அவர் செதுக்குகிற மயிர்க்கோடு மட்டும் துல்லியமாக இருக்கும். நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரியவில்லையோ? வீட்டுக்காரரிடம் சொல்லி, கையோடு கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

நினைத்தது சரிதான். கண்ணில் அழுத்தம், அதாவது கிளாக்கோமா. ஓரப் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பெரும்பாலும் இந்த வியாதி வலிக்காது, சிவக்காது; சத்தமில்லாமல் பார்வையை எடுத்துக்கொண்டு போய்விடும். நாற்பதைத் தாண்டிய எல்லோரும், முக்கியமாக வீட்டில் யாருக்காவது இது இருந்தால், கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கும் அன்றே பார்த்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா பேசவே இல்லை. ஊர் வருகிற சமயத்தில் மெல்ல, "ஏம்மா, இனிமே உளி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் உளி பிடித்த மனுஷர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "உளிய நீங்க தேடக் கூடாது மாமா. அதுதான் உங்களத் தேடி வரணும். அந்தப் பைய மட்டும் என்கிட்ட குடுங்க" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சாக்குப் பை அடுப்படி நிலைப்படியில் இருந்தது.

முதலில் எல்லாவற்றையும் பழைய போர்வையில் பரப்பி, வகை பிரித்தோம். நாற்பதில் அன்றாடம் கைக்கு வருவது பன்னிரண்டுதான்! நம் சமையலறையில் இருபது கரண்டி இருந்தாலும் நாலைத்தான் எடுக்கிறோமே, அதே கதை. அந்தப் பன்னிரண்டு கைக்கு எட்டுகிற இடத்தில். மற்றவை துணிச் சுருளில், மேல் பலகையில் என்று முடிவு செய்தோம்.

பன்னிரண்டுக்கு வீட்டுக்காரர் ஒரு தாங்கி செய்தார். இரண்டடி நீளப் பலகையில் இரண்டு அங்குல இடைவெளியில் ஒரே வரிசையாகத் துளைகள். வாய் அகலமான பட்டை உளிக்கு மட்டும் துளைக்குப் பதில் நீளவாட்டில் வெட்டு. பிடி மேலே, வாய் கீழே. கீழ்ப்புறம் நாலு பக்கமும் பலகை அடைத்தாயிற்று. குழந்தைகள் கையை விட்டாலும் உளி வாய் படாது. முதல் தாங்கியில் ஒரு தப்பு நடந்தது. உயரம் போதாமல் உளி வாய் அடிப்பலகையில் இடித்து மழுங்கியது. உளி தொங்கும்போது வாய்க்குக் கீழே அரை அங்குலமாவது காலி இடம் வேண்டும். கால் பலகையை உயர்த்தினோம், சரியாயிற்று.

இந்தத் தாங்கியை மாமாவின் பக்கத்தில் வைக்கவில்லை. நேர் எதிரே, மரத்துண்டுக்குப் பின்னால் வைத்தோம். நேர்ப்பார்வையில்தானே அவருக்குத் தெரிகிறது! கண் ஏமாற்றினாலும் கை ஏமாறக் கூடாது என்று இன்னொன்றும் செய்தேன். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் கால் அங்குல வளையங்களாக வெட்டினேன். பட்டை உளியின் கழுத்தில் ஒரு வளையம், நக உளிக்கு இரண்டு, முனை உளிக்கு மூன்று. விரலால் தடவினாலே இன்னது என்று தெரியும். மரப்பிடி இல்லாத முழு இரும்பு உளி துளையில் வழுக்கிக்கொண்டு இறங்காமல் இந்த வளையமே தடுப்பாகவும் நிற்கிறது.

வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டோம். எடுத்த உளி தரைக்கு வரக் கூடாது, துளைக்குத்தான் திரும்ப வேண்டும். சாயங்காலம் பெருக்குவதற்கு முன்னால் துளைகளைப் பார்ப்பேன். ஒரு துளை காலியாக இருந்தால், ஓர் உளி சிராய்க்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கிற வரை குழந்தைகளுக்குப் பட்டறையில் அனுமதி இல்லை. வெறுங்கையால் சிராயை அள்ளுவதும் இல்லை.

இனி துணிச் சுருள். மெஷின் வைத்திருக்கிற சகோதரிகள் ஒரு மத்தியானத்தில் தைத்துவிடலாம். கெட்டியான காடாத்துணி அல்லது கான்வாஸ், 36 அங்குலம் நீளம், 20 அங்குலம் அகலம். நாலு ஓரமும் அரை அங்குலம் மடித்துத் தைத்தால் 35-க்கு 19 நிற்கும். கீழ் ஓரத்தை 5 அங்குலம் மேலே மடித்து, இரண்டரை அங்குலத்துக்கு ஒரு தையல் நேராகப் போட்டால் 14 அறைகள். 9 அங்குல உளிக்கு இது சரியான அளவு. பிடியை அறைக்குள் விட்டு வாய் மேலே இருக்கும்படி வையுங்கள். வாயை உள்ளே விட்டால் துணியைக் கிழித்துவிடும். மேலே மிஞ்சுகிற 5 அங்குலத்தை வாயின் மேல் மடித்து மூடி, சுருட்டி, நாடாவால் கட்ட வேண்டும்.

பளபளவென்று இருக்கிறதே என்று முதலில் ரெக்ஸினில் தைத்தேன். ஐப்பசி அடைமழையில் உள்ளே வியர்த்து, ஆறு உளி துருப்பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. உப்புத்தாளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்! காற்றுப் புகுகிற பருத்தித் துணிதான் நல்லது.

துருவுக்கு முக்கியக் காரணம் ஈரமும் கை வியர்வையின் உப்பும்தான். பச்சை மரத்தில் வேலை செய்த உளியை அப்படியே வைத்தால் இரண்டே நாளில் கறுக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயில் தோய்த்த துணியால் ஒரு தடவை இழுத்தால் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்கு ஏறும். மறுபடி எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் கறை விழும். தீட்டுக்கல்லை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அதில் மண் ஒட்டினால் உளி வாயில் கீறல் விழும்.

ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமப் பொட்டை உளி வாயில் வைக்காதீர்கள். மறுநாள் வரைக்கும் எடுக்க மாட்டோம் அல்லவா? பொட்டு வைத்த இடத்தில் ஈரம் தங்கித் துருப் பொட்டாகிவிடும். பிடியில் வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும்.

ஒரு மாதம் மாமா எதுவும் சொல்லவில்லை. பழைய பழக்கத்தில் கை தரையைத் துழாவும். அப்புறம் எதிரே போகும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நக உளி எல்லாத்துக்கும் ரெண்டு வளையம் போட்டிருக்கியே. அதுல சின்னது எது, பெருசு எதுன்னு கை எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்றார். அசடு வழிந்தேன். அவரே இடப்பக்கம் சின்னதில் ஆரம்பித்து வலப்பக்கம் பெரியது வரை வரிசைப்படுத்தி, பிடிகளில் அரத்தால் கோடும் போட்டுக் காட்டினார். பொம்பளைங்க கை வைக்கக் கூடாது என்றவர், "இந்தா, மத்ததையும் நீயே போடு" என்று அரத்தை என் கையில் கொடுத்தார்.

இன்றைக்கும் காலையில் மூன்று மணி நேரம் செதுக்குகிறார். சாமி முகமும் கண்ணும் மகன் வேலை. பீடமும் இலைக்கொடியும் அவருடையது. கையில் அந்தத் தழும்பைத் தவிரப் புதுக் காயம் ஒன்றும் இல்லை. ராத்திரி சொட்டு மருந்து விடுவது பெரியவளின் பொறுப்பு. மருந்து பாட்டிலுக்கும் அவள் ஒரு டியூப் வளையம் மாட்டியிருக்கிறாள்!

உங்கள் வீட்டில் உளி இருக்காது. அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்குரூ டிரைவர் இருக்குமே? ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்துப் பாருங்கள். அப்படியே, வீட்டுப் பெரியவர் அடிக்கடி தம்ளரைக் கவிழ்த்தால் கோபித்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு நாள் கண் டாக்டரிடம் அழைத்துப் போய் வாருங்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் குழந்தைத் துணிகளை வாடை வராமல் உலர்த்துவது பற்றிச் சொல்கிறேன். வரட்டுமா?