அளவோடு ஆடினால் தவறா?



கைப்பேசி வழியாகப் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைக் குறித்து நம் இளைஞர்கள் குருக்களிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "சுவாமி, நாங்கள் களவு செய்யவில்லை; எவரையும் ஏமாற்றவில்லை. சொந்தச் சம்பளத்தில் நூறோ இருநூறோ வைத்து ஆடுகிறோம். அளவோடும் பொறுப்போடும் தொடங்கினால் அதில் என்ன தவறு?" நேர்மையாகக் கேட்கப்படும் இவ்வினாவை, 'பாவம்' என்ற ஒரே சொல்லால் அடக்கிவிடுதல் முறையன்று. திருச்சபையும் அவ்வாறு அடக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2413-ஆம் எண்ணில் இப்பொருளைப் பேசுகிறது. பந்தயமும் அதிர்ஷ்ட ஆட்டமும் தம்மிலேயே நீதிக்கு மாறானவை அல்ல என்பது அதன் போதனை. ஆயினும் ஒருவனுக்கும் அவனை நம்பியிருப்போருக்கும் வாழ்வுக்குத் தேவையானதை அவை பறிக்கும்போது ஒழுக்கத்திற்கு ஒவ்வாதவை ஆகின்றன. அவற்றின்மீது கொள்ளும் வேட்கை மனிதனை அடிமையாக்கிவிடும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. நம் ஒழுக்க இயல் அறிஞர்கள் நெடுங்காலமாக நான்கு நிபந்தனைகளைக் கூறிவந்துள்ளனர். வைக்கும் பணம் தன் விருப்பப்படி செலவிடத்தக்க சொந்தப் பணமாக இருக்கவேண்டும். ஆடுபவன் முழு விடுதலையோடு ஆடவேண்டும். ஆட்டத்தில் வஞ்சகம் கூடாது. இரு தரப்பாருக்கும் வாய்ப்பு ஓரளவேனும் சமமாக இருக்கவேண்டும். இந்நான்கையும் இன்றைய கைப்பேசி ஆட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பணம் யாருடையது? மணமாகாத இளைஞனின் சம்பளத்திலும் அவனை வளர்த்த பெற்றோருக்கு உரிமை உண்டு. மணமானவனின் சம்பளமோ அவனுடையது மட்டும் அன்று. அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் வீட்டு வாடகைக்கும் அது முன்னரே கடன்பட்டிருக்கிறது. எல்லாக் கடமைகளும் முடிந்தபின் எஞ்சுவதே அவன் விருப்பத்திற்கு உரியது. வட்டிக்கு வாங்கிய பணமும், மனைவியின் நகையை அடகு வைத்த பணமும், தந்தைக்குத் தெரியாமல் அவர் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்த பணமும் இந்த முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடுகின்றன.

இரண்டாவது, விடுதலை. எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே பரிசு தந்தால், அப்பழக்கம் எளிதில் விடாது என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளில் கண்டார். சூதாட்டம் மனிதனைப் பிடிப்பதும் இதே வழியில்தான். வெற்றியை மயிரிழையில் தவறவிட்டதுபோன்ற தோற்றம், இழந்ததை அடுத்த ஆட்டத்தில் மீட்கலாம் என்ற ஆசை, படுக்கையிலும் கைக்கெட்டும் கருவி ஆகியவை சேர்ந்து, 'அளவு' என்ற சொல்லையே அழித்துவிடுகின்றன. சூதாட்ட வேட்கையை உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துள்ளது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நிறுத்தவேண்டும் என்று தமிழக அரசு 2025-இல் விதி செய்ய நேர்ந்ததன் காரணமும் இதுவே.

மூன்றாவது, நேர்மை. திண்ணையில் சீட்டாடுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர்; சீட்டைக் கலைக்கும் கையையும் பார்க்கின்றனர். கைப்பேசியில் எதிரே ஆடுவது மனிதனா இயந்திரமா என்பதையும், சீட்டு எவ்வாறு கலைக்கப்பட்டது என்பதையும் ஆடுபவன் தானாக அறிய வழியில்லை. போலிச் செயலிகள் தொடக்கத்தில் சிறு தொகைகளை வெல்லவிடுகின்றன. பெருந்தொகை சேர்ந்தபின் அதை எடுக்க முயன்றால், வரி என்றும் கட்டணம் என்றும் கூறி மேலும் பணம் கேட்கின்றன. திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் சூதைப் பற்றியது. சூதில் பெற்ற வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். புதிதாகச் சேர்வோருக்கு இலவசமாகத் தரப்படும் 'போனஸ்' பணம் அந்த முள்ளில் கோத்த இரையே.

நான்காவது, சமவாய்ப்பு. இதற்குக் கணக்கே விடை தரும். ஐரோப்பியச் சுழல்சக்கர ஆட்டத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணின்மேல் 10 ரூபாய் வைத்து வென்றவனுக்கு, வைத்த பணமும் சேர்ந்து 360 ரூபாய் கிடைக்கும். 37 எண்களின்மேலும் பத்துப் பத்து ரூபாய் வைத்தால் செலவு 370, வரவு 360. சக்கரம் முற்றிலும் நேர்மையாகச் சுழன்றாலும் நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு நடத்துபவனுக்கே சேரும். இருவர் ஆடும் சீட்டாட்டத்திலும் இதே நிலைதான். ஆளுக்கு 100 ரூபாய் வைத்த 200-இல் நிறுவனம் 20 எடுத்துக்கொண்டால், வெல்பவனுக்கு வருவது 180. பத்து ஆட்டங்களில் ஆளுக்கு ஐந்து வென்றாலும், 1000 ரூபாய் வைத்த இருவரும் 900 ரூபாயோடுதான் எழுந்து செல்வர். திறமையில் இருவரும் சமம். ஆயினும் இருவரும் தோற்றனர்!

இனிச் சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்வோம். தமிழகத்தின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி, அவற்றை அத்தடையிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் விலக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதியதொரு சட்டம் இயற்றியது. திறமையா அதிர்ஷ்டமா என்று வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் அது தடைசெய்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஆடுபவனுக்கு அச்சட்டம் தண்டனை குறிக்கவில்லை. கடனில் சிக்கியவர்கள் அச்சத்தால் வீட்டாரிடம் உண்மையை மறைக்கவேண்டாம்.

"பங்கு விழாவில் குலுக்கல் சீட்டு விற்பதில்லையா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே அது. நான்கு நிபந்தனைகளும் அங்கும் பொருந்தும். நலிந்தோர் தலையில் சீட்டைத் திணிக்காமல், கணக்கை வெளிப்படையாகக் காட்டி, சிறு தொகையோடு நிறுத்துவதே முறை. இயலாதெனில் காணிக்கையாகவே கேட்டுவிடலாம்.

ஆகவே, பொறுப்போடு தொடங்குவது எப்படி என்று கேட்போருக்கு நம் விடை, தொடங்காதிருப்பதே பொறுப்பு என்பதாம். தொடங்கிவிட்டவர்கள் இன்றே செய்யத்தக்கவை சில. இழந்ததை மீட்க எண்ணவேண்டாம். அந்தப் பணம் போனதுதான். செயலியை நீக்கிவிட்டு, வங்கிக் கணக்கை மனைவியின் அல்லது பெற்றோரின் பார்வையில் வையுங்கள். கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். கடனை அடைக்க இன்னொரு செயலியில் கடன் வாங்காதீர்கள். மனம் தளர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், ஒரு நாழிகையும் தாமதியாமல் வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். குடும்பத்தாரே, கடனைச் சொல்ல வருபவனைத் திட்டி அனுப்பிவிடாதீர்கள். அதேவேளை அவன் கையில் மீண்டும் மீண்டும் பணம் கொடுத்துக் கடனை மறைக்கவும் துணைபோகாதீர்கள்.

இத்தாலியில் 1550-இல் பிறந்த புனித கமில்லுஸ் ஒரு போர்வீரர். சூதாட்டத்தில் இருந்ததையெல்லாம் இழந்து, கப்புச்சின் துறவியரின் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். 1575 பிப்ரவரி 2-ஆம் நாள் மனம் திரும்பினார். பின்னர் நோயாளருக்குத் தொண்டு செய்யும் துறவற சபை ஒன்றை நிறுவினார். 1886-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அவரை நோயாளரின் பாதுகாவலர்களுள் ஒருவராக அறிவித்தார். எல்லாம் இழந்த நாளில் அவருக்கு ஒரு வேலையும், உடன் இருந்து நல்வார்த்தை சொன்ன துறவியரும் கிடைத்தனர். நம் தெருவிலும் எல்லாம் இழந்து நிற்கும் பிள்ளை ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்கு அத்தகைய அயலாராக இருக்க ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.