அந்தச் சிவப்பு மாத்திரை



கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையை எல்லோரும் வாங்கிப் போகிறார்கள்; விழுங்குவோர் அவ்வளவு பேர் இல்லை. அட்டை அட்டையாக அலமாரியில் கிடக்கும். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மசக்கை ஓய்ந்து நாலு வாய் சோறு இறங்கத் தொடங்கும் நான்காம் மாதத்தில்தான் இந்த மாத்திரை ஆரம்பிக்கிறது. மறுபடியும் குமட்டல், வாயில் துருவேறிய ருசி, மலச்சிக்கல் என்றால் யாருக்குத்தான் வெறுக்காது?

ஆனாலும் விட்டுவிட முடியாது. வயிற்றில் பிள்ளை வளர வளர, தாயின் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் அந்த நிலையில் இருந்தார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு அதைத் தாங்காது.

பலரைப் பயமுறுத்துவது மலம் கறுப்பாகப் போவது. உடம்பில் சேராத இரும்பின் நிறம் அது, பயம் வேண்டாம். தார் போலப் பிசுபிசுத்தாலோ ரத்தம் தெரிந்தாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் போங்கள். 'மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்' என்கிற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். குமட்டுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும், தினமும் உள்ளே போவதுதான் பெரிது. டீ, காபியை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர், சாயங்கால நடை.

இத்தனைக்கும் பிறகு ஒத்துக்கொள்ளவில்லையா? கிராம சுகாதாரச் செவிலியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். போட்டேன் என்று பொய் சொல்லாதீர்கள். வேறு வகை மாத்திரை இருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவமனையில் ஊசி வழியாகவும் ஏற்றுவார்கள்.

கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் என்பது அரசின் கணக்கு. பிள்ளை பிறந்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் அட்டையைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கினால் பிஞ்சு உயிருக்கே ஆபத்து.

அன்புடன்,
ஆசிரியர்