டயாலிசிஸ் கட்டிலில் கேட்கப்படாத கேள்வி

டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் எடை பார்க்கிறார்கள். இரத்த அழுத்தத்தைக் குறிக்கிறார்கள். யூரியா, கிரியாட்டினின் அளவுகள் தாளில் பதிவாகின்றன. ‘நேற்றிரவு அரிப்பில்லாமல் தூங்கினீர்களா?’ என்ற கேள்விக்குத்தான் அந்தத் தாளில் பெரும்பாலும் இடமில்லை. இந்த விடுபடலை நாம் ஒரு சமூகநீதிச் சிக்கலாகவே பார்க்கிறோம்.

நாள்பட்ட சிறுநீரக நோயில் வரும் அரிப்பு சில்லறைத் தொல்லையன்று. பல நாடுகளின் டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ‘டாப்ஸ்’ ஆய்வின்படி, பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் மிதமான அல்லது கடுமையான அரிப்பால் துன்புறுகின்றனர். உறக்கம் கெடுகிறது, மனச்சோர்வு கூடுகிறது. அந்த ஆய்வைக் கொண்டு 2017இல் வெளியான கட்டுரை இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. எந்நேரமும் அரிப்பால் வதைபட்டோரில் 17 விழுக்காட்டினர் அதை மருத்துவப் பணியாளர் எவரிடமும் சொல்லவில்லை. மருத்துவப் பொறுப்பாளர்களில் 69 விழுக்காட்டினர் தங்கள் பிரிவில் இத்துன்பம் எவ்வளவு பரவலானது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். நோயாளி சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

இந்த அரிப்பு அழுக்கால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. சிறுநீரகம் செயலிழக்கும்போது தோல் வறண்டுபோகிறது. உடல் முழுவதும் மெல்லிய அழற்சி நிலைகொள்கிறது. அரிப்பை உணர்த்தும் நரம்புப் பாதைகளின் சமநிலை குலைகிறது. தொடக்கத்தில் தோலில் எந்தத் தடிப்பும் தெரியாது. இரவெல்லாம் சொறிந்து சொறிந்தே கீறல்களும் புண்களும் கருமையான முடிச்சுகளும் உண்டாகின்றன. ஒவ்வாமைக்குத் தரும் வழக்கமான மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கலாம். இந்த அரிப்பின் வேரை அவை பெரும்பாலும் தொடுவதில்லை.

சாதி குறுக்கிடும் இடம் இதுதான். தொடுதலையே சட்டம்போட்டு ஒழுங்குபடுத்திய சமூகம் இது. இங்கே கீறல் விழுந்த, கறுத்துத் தடித்த தோலைக் காண்போர் ‘சொறி சிரங்கு’ என்கிறார்கள். ‘குளிப்பதில்லை போலும்’ என்கிறார்கள். பேருந்தில் நகர்ந்து அமர்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் உடலைத் ‘தூய்மை’, ‘தீட்டு’ எனப் பிரித்துப் பார்க்கும் பார்வை ஒழியவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தச் சொற்களைச் சுமந்த ஒருவருக்கு, தன் தோலைக் காட்டி ‘அரிக்கிறது’ என்று சொல்வது எளிதன்று. முழுக்கைச் சட்டைக்குள் அவர் தன் நோயை மறைத்துக்கொள்கிறார். தோல் மருத்துவப் பாடநூல்களும் நெடுங்காலம் வெளிர்நிறத் தோலையே படமாகக் காட்டிவந்தன. அவற்றில் ‘சிவப்பு’ என்று படிக்கும் அழற்சி, கறுத்த தோலில் பழுப்பாகவோ கருநிறமாகவோ தெரிகிறது. பழகாத கண் அதைத் தவறவிடும்.

சிறுநீரகம் கெடுவதற்கும் உழைப்புக்கும் தொடர்புண்டு. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள். அவை இல்லாத உழைப்பாளிகளிடமும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் இந்நோய் பரவலாகக் காணப்படுகிறது. கடும் வெயிலும் நீரிழப்பும் அதற்குக் காரணங்களாக இருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்குமான தொடர்பு ஆராயப்பட்டுள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மொத்தத் தொழிலாளர்களில் வேளாண் கூலிகள் சுமார் 30 விழுக்காடு. பட்டியல் சாதித் தொழிலாளர்களிலோ சுமார் 46 விழுக்காடு. இந்நோய் ஒரு சாதிக்குரியது என்று நாம் சொல்லவில்லை. வெயிலில் நிறுத்தப்பட்டிருப்போர் யார் என்பதையே சுட்டுகிறோம்.

2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஆகியவை ஏழைகளுக்கு உயிர்காக்கும் சிகிச்சையைக் கொண்டு சேர்த்துள்ளன. அது போராடிக் காக்க வேண்டிய பேறு. ஆனால் உயிரைக் காத்தால் மட்டும் போதாது. அந்த உயிர் இரவில் உறங்கவும் வேண்டும்.

அதற்கான வழிகள் பலவும் விலையுயர்ந்தவை அல்ல. வறட்சியைத் தணிக்கும் களிம்பை நாள்தோறும் பூசுதல், போதிய அளவு டயாலிசிஸ், பாஸ்பரஸைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை முதற்படி. அதற்கும் அடங்காவிட்டால், டயாலிசிஸ் முடிந்தபின் மிகச் சிறிய அளவில் தரப்படும் காபாபென்டின் பலருக்கு உதவுகிறது. அது சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து. அளவு மீறினால் மயக்கமும் தடுமாற்றமும் வரும் என்பதால் மருத்துவரே அளவைத் தீர்மானிக்க வேண்டும். புற ஊதாக் கதிர் சிகிச்சையும் உண்டு. 2021இல் அமெரிக்கா இதற்கென்றே டிஃபெலிகெஃபாலின் என்ற ஊசிமருந்தை ஏற்றது. அது இங்குள்ள ஏழையின் கைக்கு எட்டும்வரை, கைவசம் இருப்பதைக் கொடுக்கத் தடை ஏதுமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. எல்லா டயாலிசிஸ் பிரிவுகளிலும் மாதம் ஒருமுறையேனும் அரிப்பைப் பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவில் கேட்டுப் பதிய வேண்டும். களிம்பும் மருந்தும் அரசு மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மருத்துவ, செவிலிய மாணவர்கள் கறுத்த தோலில் நோயைக் காணப் பயில வேண்டும். களப்பணியாளர்கள் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் ‘இது தொற்றாது’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். நோயாளியின் அருகில் அமர்ந்து சொல்ல வேண்டும்.