கரை சேர்க்கும் கலை

படகு செலுத்துதல் கற்பிக்கத்தக்க கல்வியன்று, கைப்பழக்கத்தால் தானே வந்தமைவது என்பார் நம்மிடையே பலர். காற்றடங்கிய நடுநீரில் இயந்திரப் படகை நேரே ஓட்டுவதற்கு அக்கூற்று ஒருவாறு பொருந்தலாம். பக்கத்திலிருந்து வன்காற்று வீசுங்கால் அதனை இறங்குதுறையில் அணைப்பதற்கோ அது சிறிதும் பொருந்தாது. அது முறையாகக் கற்பிக்க வேண்டிய கலை. தமிழில் எழுதி வைத்துக் கற்பிக்க வேண்டிய கலை என்பதே என் துணிபு.

நாவிதன்வெளியாருக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் பொருளன்று. எங்கள் வயல்வெளிகளுக்கும் கல்முனைக்கும் இடையே நீர்ப்பரப்பு ஒன்று கிடக்கின்றது. அதன் மேலமைந்த கிட்டங்கித் தாம்போதி மாரிவெள்ளத்தில் மூழ்கிய காலங்களில், மாணவரும் ஆசிரியரும் நோயாளரும் படகையும் உழவு இயந்திரத்தையும் நம்பிக் கடந்ததை ஊரார் பல்லாண்டுகளாகக் கண்டுள்ளனர். கல்முனைப் பக்கமிருந்து மேற்கு நோக்கி வருவது பயணம். வடக்கினின்றும் வடகிழக்கினின்றும் வீசுவது மாரிக்கால வாடை. ஆகவே, காற்று படகின் விலாவையே தாக்கும். அதனோடு வெள்ளத்தின் ஓட்டமும் சேருமாயின் படகோட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஐம்பது வயதைக் கடந்த பின்னர், இந்நீரில் நெடுங்காலம் தொழில் செய்த முதியவர் ஒருவரிடம் நான் படகு செலுத்தப் பயின்றேன். அவரை நான் காக்கா என்பேன். அவர் என்னைச் சேர் என்பார். அவர் முதலிற் கற்பித்தது இயந்திரத்தையன்று, காற்றையே. "காத்தோட சண்டை பிடிக்காதீங்க சேர். அது உங்களை எங்க கொண்டு போகுதெண்டு முதல்ல பாருங்க" என்றார். அப்பேச்சு வழக்கினுள்ளே ஒரு நூலுக்கு வேண்டிய பொருள் அடங்கியிருந்தது.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கு நான்கு மடங்காகும். படகின் முன்புறம் இலேசானது. நீருக்கு மேல் உயர்ந்தும் நிற்பது. அதனாற் காற்று முதலில் முகப்பையே ஒதுக்கித் தள்ளும். பின்னால் மாட்டிய வெளியிணைப்பு இயந்திரத்துக்குத் தனிச் சுக்கான் இல்லை. சுழலும் விசிறி நீரைத் தள்ளும் விசையே படகைத் திருப்புகின்றது. துறை நெருங்கியதும் அச்சத்தால் விசையை முற்றாக அடக்கிவிடும் புதியவன் திருப்பும் ஆற்றலையும் உடன் இழக்கின்றான். அதன்பின் படகுக்குத் தலைவன் அவனல்லன், காற்றே. எனவே மெல்லச் செல்லல் வேண்டும். ஆயினும் விசையைச் சிறிது கொடுத்தும் சிறிது எடுத்தும் படகைப் பிடியில் வைத்திருத்தல் வேண்டும்.

காற்றை நோக்கிச் சென்று அணைய வழியிருப்பின் அதுவே சிறந்தது; எதிர்க்காற்றே படகுக்குத் தடையாய் நின்று உதவும். காற்று துறையை நோக்கித் தள்ளுமாயின், சற்றுத் தள்ளி இணையாக நிறுத்தினாற் போதும். காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். துறையிற் கட்டிய பழைய டயர்கள் மோதலைத் தாங்கிக்கொள்ளும். துறையினின்றும் அப்பால் தள்ளுமாயின், சற்றுக் கூடிய கோணத்தில், தயங்காத விசையோடு முகப்பைக் கொண்டுசென்று முன்கயிற்றை முதலிற் கட்டி, பின்னரே பின்புறத்தை உள்ளே திருப்புதல் வேண்டும். முதன்முறை தவறினால் விலகிச் சுற்றி மீண்டும் வருவது இழுக்கன்று. படகுக்கும் துறைக்கும் நடுவே கையையோ காலையோ நீட்டித் தடுக்க முனைவதுதான் பேதைமை.

இவையெல்லாம் நம் முன்னோர்க்குப் புதியனவல்ல. காற்றைத் தொழில் கொண்டு கடலிற் கலஞ்செலுத்தியவரின் வழித்தோன்றல் எனக் கரிகாலனைப் புறநானூற்றின் 66ஆம் பாட்டிற் போற்றினார் வெண்ணிக்குயத்தியார். உப்பு விற்று நெல்லோடு மீண்ட படகுகள், பந்தியில் நிற்கும் குதிரைகளைப் போலப் பிணிக்கப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலையிற் காட்டினார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவ்வுவமை எனக்கு இப்போது புதுப்பொருள் தருகின்றது. குதிரையைக் கட்டுதல் அதனை அடக்கத் தெரிந்தவனாலன்றோ இயலும்!

நாமோ அம்பி, பஃறி, நாவாய், வங்கம் என்று கலங்களின் பெயர்களை மாணவருக்கு மனப்பாடமாக்குகின்றோம். வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்றையும் நான்காக வகுத்துச் சொல்கின்றோம். அக்கோடையையே கச்சான் என்றும், தென்திசைக் காற்றைச் சோழகம் என்றும் வழங்கி, அவற்றின் குணங்களை நன்கறிந்த மக்கள் நம் வாயிலில் வாழ்கின்றனர். அவர்தம் சொல்லை நாம் ஏட்டில் ஏற்றவில்லை. நம் ஏட்டை அவர்கள் கையிற் கொடுக்கவுமில்லை. இருசாராருக்கும் இது நட்டமன்றோ?

பாலம் கட்டினால் தீர்ந்தது, படகுக் கல்வி எதற்கு என்பாருமுளர். பாலம் வேண்டும், அதில் எனக்கு மாறுபாடில்லை. எனினும் பாலத்தையும் சாலையையும் வெள்ளம் மூடும் நாளில் மக்களை மீட்கச் செல்வது படகே. 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் மாண்டனர். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது, பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். இவை பக்கக் காற்றால் நேர்ந்தன என்று நான் கூறவில்லை. நீரைக் கடக்கும் பிள்ளைகளின் உயிர், கடத்துவோரின் அறிவிலும் ஆயத்தத்திலும் தங்கியுள்ளது என்பதே நான் கொள்ளும் பாடம்.

ஆதலால் மூன்று வேண்டுவன் யான். ஒன்று, பயணிகளை ஏற்றும் ஒவ்வொருவரும் காற்றடிக்கும் நாளில் துறை அணைத்துக் காட்டிய பின்னரே உரிமம் பெறுதல். இரண்டு, படகில் உள்ளோர் அனைவரும் உயிர்காப்பு அங்கி அணிதலும், ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைத் தம்மோடு பிணைத்திருத்தலும். மூன்று, அனுபவமுள்ள படகோட்டிகளை ஆசிரியராக அமர்த்தி, அவர் வழங்கும் சொற்களிலேயே கைந்நூல் ஒன்று ஆக்குதல். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைச் சமுத்திரப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் இதற்குத் துணை நிற்கலாம். சொல் தொகுக்கும் பணியைப் பண்டிதர்கள் ஏற்கலாம்.

மீகாமன் என்ற பழஞ்சொல்லை நாம் இழக்கவில்லை. அச்சொல்லுக்கு உரியவரை ஆக்கும் கடமை மட்டுமே எஞ்சியுள்ளது. அடுத்த மாரிக்கு முன் அதனைத் தொடங்குவோமாக.